பிரதிக்ஞை போதுமா? பள்ளிப் பிள்ளைகளும் போதை வஸ்துக்களும்

வருஷந்தோறும் ஜூன் மாதம் 26-ந் தேதி வந்தால் நமது பள்ளிக்கூடங்களில் ஒரு சடங்கு நடக்கின்றது. ஐக்கிய நாடுகள் சபை 1987-ஆம் வருஷத்தில் அந்தத் தேதியைப் போதை ஒழிப்பு நாளாகக் குறித்தது. குறித்தவர்களுடைய எண்ணம் நல்லதுதான். ஆனால் எந்த நல்ல காரியத்தையும் சடங்காக்கி விடுவதில் நம்மவர்கள் மகா சமர்த்தர்களாதலால், அதையும் ஒரு திதியைப் போல ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, வலது கையை முன்னால் நீட்டச் சொல்லி, தலைமை உபாத்தியாயர் ஒரு காகிதத்தைப் பார்த்துப் படிக்க, பிள்ளைகள் திருப்பிச் சொல்கின்றார்கள். புரோகிதன் சொல்லும் மந்திரத்தைக் கல்யாண வீட்டில் மாப்பிள்ளை திருப்பிச் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். அங்கும் சொல்லுகிறவனுக்கு அர்த்தம் தெரியாது, இங்கும் தெரியாது. அது தட்சணையோடு முடிகின்றது. இது போட்டோவோடு முடிகின்றது.

பிரதிக்ஞை முடிந்து மணி அடித்ததும் அதே பிள்ளைகள் வாசலுக்கு வந்தால், எதிரே பெட்டிக்கடையில் மிட்டாய்ப் புட்டிக்குப் பின்னால் புகையிலைப் பொட்டலம் இருக்கின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கெஜ தூரத்துக்குள் புகையிலைச் சாமான் எதையும் விற்கக் கூடாது, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எங்குமே விற்கக் கூடாது என்று 2003-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. குழந்தைகளுக்குச் சாராயமோ, போதை மருந்தோ, புகையிலையோ கொடுக்கிறவனுக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாமென்று 2015-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. இந்த இரண்டு சட்டங்களும் இருப்பதாக அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கின்றார்கள்?

நாம் பொதுவாகப் பேசவில்லை. சில காலத்துக்கு முன் ஒரு சிற்றூருக்குக் கூட்டம் பேசப் போயிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் வந்து அழுதார்கள். அந்த அம்மாளுடைய மகன் ஒன்பதாம் வகுப்பில் படித்தவன். ஒரு நாள் அவனுடைய பையிலும், கூடப் படித்த வேறொரு பையனுடைய பையிலும் ஒரே மாதிரியான புகையிலைப் பொட்டலம் அகப்பட்டது. அந்த மற்றப் பையன் ஊரில் பெரிய மனிதர் ஒருவருடைய பிள்ளை. அவனுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த அம்மாளுடைய மகனுக்கோ, “அந்தத் தெருப் பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும்” என்ற வசவும், கையில் ஒரு டி.சி.யும். இப்போது அவன் ஒரு பஞ்சர்க் கடையில் வேலை பார்க்கின்றான். டியூபுக்குத் தடவும் பசையின் வாசனையை அவன் துணியில் நனைத்து முகர ஆரம்பித்திருக்கின்றான் என்பதுதான் அந்தத் தாய் அழுததற்குக் காரணம்.

ஒரே பொட்டலம், ஒரே வயது, ஒரே பெஞ்சு. ஆனால் ஒருவனுக்குப் புத்திமதி, மற்றவனுக்குத் தெரு. மனு தர்மத்தை நெருப்பில் போட வேண்டுமென்று நாம் சொன்னால், “அது பழைய புஸ்தகம், அதை இப்போது யார் பார்க்கின்றார்கள்?” என்று கேட்கின்றார்களே, அந்தக் கனவான்களை அந்தப் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரைப் போய்ப் பார்க்கச் சொல்லுகின்றோம். புகையிலை வாயில் புண்ணுண்டாக்கும்போது சாதி கேட்பதில்லை. கேட்பவர் உபாத்தியாயர்தான்.

அந்தப் பையனுக்கு ஆறாம் வகுப்பிலேயே அந்தப் பொட்டலத்தைப் பற்றி ஒரு மணி நேரமாவது உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று ஒரு உபாத்தியாயரைக் கேட்டோம். அவர், “சொல்லிக் கொடுத்தால் தெரியாத பிள்ளைக்கும் தெரிந்துவிடும்; நாமே கெடுத்த பாவம் வந்து சேரும்” என்றார். இந்த வாதத்தை நாம் முன்னமே கேட்டிருக்கின்றோம். பெண்ணுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தால் கெட்டுப் போவாள் என்றார்கள்; தாழ்த்தப்பட்டவனுக்குச் சட்டம் தெரிந்தால் கெட்டுப் போவான் என்றார்கள். அறியாமையில்தான் ஒழுக்கம் இருக்கின்றதென்பது நமது வைதீகர்களுடைய பரம்பரைச் சொத்து.

ஆனால் உள்ளது என்ன? இந்திய சர்க்கார் 2019-இல் பள்ளிக்கூடங்களில் எடுத்த கணக்கின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் நூற்றுக்கு 8.5 பேர் ஏதோ ஒரு விதத்தில் புகையிலை உபயோகிக்கின்றார்கள். சிகரெட்டுப் பிடித்த மாணவர்களில் நூற்றுக்கு 38 பேரும், பீடி பிடித்தவர்களில் 47 பேரும் பத்து வயது நிரம்புவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தவர்கள். அதே வருஷத்தில் வெளியான மற்றொரு தேசியக் கணக்கில், பசை, தின்னர், வைட்னர் முதலியவற்றை முகரும் பழக்கம் பெரியவர்களில் பதினாயிரத்துக்கு 58 பேரிடமும், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் பதினாயிரத்துக்கு 117 பேரிடமும் இருப்பதாகக் கண்டிருக்கின்றது. அதாவது பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் இரட்டிப்பு! “தெரியாத பிள்ளைக்குத் தெரிந்துவிடும்” என்று சொல்லுகின்ற உபாத்தியாயரே, அந்தப் பிள்ளைக்கு ஏற்கனவே பாடம் நடந்துவிட்டது. நடத்தினவன் பெட்டிக்கடைக்காரன். நீர் பேசாதிருப்பதால் பாடம் நிற்கவில்லை; பாடம் சொல்லுகிறவன்தான் மாறியிருக்கின்றான்.

இனி, வேறு சிலர் இருக்கின்றார்கள். “சொல்லலாம், ஆனால் பயமுறுத்திச் சொல்ல வேண்டும், போலீஸ்காரரைக் கொண்டு வந்து பேசச் சொல்ல வேண்டும்” என்பது இவர்களுடைய அபிப்பிராயம். இதையும் ஒரு தேசத்தார் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ‘டேர்’ என்று ஒரு திட்டம் துவக்கினார்கள். உடுப்புப் போட்ட போலீஸ்காரர்கள் வகுப்புக்கு வந்து, போதை வஸ்து கூடாது, வேண்டாமென்று சொல் என்று பாடம் நடத்தினார்கள். தேசம் முழுவதும் பரவிற்று. ஏராளமான பணம் செலவாயிற்று. பிறகு பரீட்சித்துப் பார்த்தபோது, அந்தப் பாடத்தைக் கேட்ட பிள்ளைகளுக்கும் கேளாத பிள்ளைகளுக்கும் பழக்கத்தில் சொல்லத் தகுந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. 2001-இல் அந்நாட்டுத் தலைமை வைத்திய அதிகாரியின் அறிக்கையே அதைப் பயன் தராத திட்டங்களில் ஒன்றாக வைத்தது. 2003-இல் அவர்களுடைய சர்க்கார் தணிக்கைக் காரியாலயமும் அப்படியே சொல்லிற்று. பின்னர் 2009-இல் பழைய பாடத்தை மாற்றி, சிநேகிதன் வற்புறுத்தினால் எப்படி மறுப்பது, எப்படி யோசித்து முடிவு செய்வது என்பவற்றைப் பழக்கும் வேறு பாடத்தை எடுத்துக் கொண்டார்கள்.

பயமுறுத்தல் ஏன் பலிக்கவில்லை? காரணம் எளிது. “ஒரு தடவை தொட்டால் செத்தாய்” என்று சொல்லுகின்றோம். பையன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், தாத்தா ஐம்பது வருஷமாகச் சுருட்டுப் பிடித்துக் கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றார். உடனே அவன், “வாத்தியார் பொய் சொல்லுகின்றார்” என்று முடிவு கட்டிவிடுகின்றான். அதன் பிறகு நாம் சொல்லுகின்ற மெய்யையும் அவன் நம்புவதில்லை. நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தியே மனிதனை யோக்கியனாக்கலாமென்றால், நரகத்தை நம்பும் நமது நாட்டில் திருடும் லஞ்சமும் எப்போதோ ஒழிந்திருக்க வேண்டுமே! ஒழிந்ததா?

ஆகவே சொல்ல வேண்டியது உண்மை; அதையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். அது கஷ்டமான சாஸ்திரமுமல்ல.

புகையிலையில் நிகோடின் என்ற வஸ்து இருக்கின்றது. புகையை இழுத்தால் ஏறக்குறைய பத்து வினாடியில் அது மூளைக்குப் போய்ச் சேருகின்றது. மூளையில் சந்தோஷத்தை உண்டாக்கும் இடத்தைத் தூண்டுகின்றது, சீக்கிரம் இறங்கிவிடுகின்றது, இறங்கினதும் மறுபடியும் கேட்கின்றது. மனிதனுடைய மூளை, அதிலும் முன்பின் யோசித்துத் தன்னை அடக்கிக் கொள்ளுகின்ற முன்பகுதி, இருபத்தைந்து வயது வரையில் வளர்ந்து கொண்டிருக்கின்றது. ஈரச் சுவரில் ஆணி அடிப்பது எளிது. 14 வயதில் பழகினவனுக்கு விடுவது கஷ்டமாயிருப்பதற்குக் காரணம் இதுதான். அது அவனுடைய தலையெழுத்துமல்ல. பூர்வ ஜென்ம வினையுமல்ல. அவன் பிறந்த தெருவுமல்ல.

“புகையிலை இல்லை, வெறும் பாக்குத்தானே” என்று பொட்டலத்தைக் கொடுக்கின்றார்கள். பாக்கே புற்றுநோய்க்குக் காரணமாகும் வஸ்து என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004-இல் வெளியிட்டிருக்கின்றது. ஓயாமல் பாக்கை அடக்கினால் கன்னத்தின் உட்தசை நார்நாராக இறுகி, வாய் திறக்க முடியாமற் போகும். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பார். நுழையாவிட்டால் பல் வைத்தியரிடம் போ என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். எந்தப் பிரதிக்ஞையைவிடவும் இந்த ஒரு நிமிஷம் மேலானது.

பசையையும் தின்னரையும் முகர்ந்தால் முதல் தடவையிலேயே இருதயம் தாறுமாறாக அடித்து நின்று போகவும் கூடும். வலிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளைப் போதைக்காக உபயோகித்தால் மூச்சே நின்றுவிடும். கஞ்சா ஞாபக சக்தியையும் கவனத்தையும் மழுங்கச் செய்யும். இளம் வயதில் ஓயாது உபயோகிக்கிறவர்களில் சிலருக்குச் சித்தப் பிரமையும் உண்டாகும். இவற்றையும் சொல்லுங்கள். கூடப் பழகுகிறவன் நினைவு தப்பி விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியே விடாமல், 108-க்குச் சொல்ல வேண்டும், போலீசுக்குப் பயந்து ஓடிவிடக் கூடாது என்றும் சொல்லுங்கள். ஒரு உயிர் பிழைக்கும்.

நிற்க, கடவுளின் பெயரால் நடக்கும் கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. முனியனுக்குச் சுருட்டு, கருப்பனுக்குச் சாராயம், சாமியாருக்குக் கஞ்சா! சாமி குடித்தால் படையல். பையன் குடித்தால் குற்றம்! அப்பனுடைய குடியை நிறுத்தக் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கையில் கயிறு கட்டுகின்றார்கள். பல வருஷம் தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகுமென்று வைத்தியம் சொல்லுகின்றது: சில மணி நேரத்தில் கைநடுக்கம், இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு, இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து பிதற்றல். இதற்கு மருந்து உண்டு. கவனிக்காவிட்டால் உயிரே போகும். ஆனால் நமது ஜனங்கள் என்ன சொல்லுகின்றார்கள்? “கயிற்றுக்குத் துரோகம் நினைத்தான், சாமி அடித்துவிட்டது” என்கின்றார்கள். வேப்பிலை அடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமலே சாக விடுகின்றார்கள். சாகடித்தது சாமியுமல்ல, பேயுமல்ல, நமது அறியாமை. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தைக்கு இது தெரிந்திருந்தால், “அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்” என்று அவள் சொல்லியிருப்பாள். குடிகாரன் வீட்டில் அடியும் பட்டினியும் முதலில் அனுபவிக்கிறவள் அவள்தான். இந்தப் பாடம் குடிக்கும் பையனுக்கு மட்டுமல்ல. குடியாத அந்தப் பெண்ணுக்கும் வேண்டும்.

சர்க்காரைப் பற்றியும் சொல்லிவிடுகின்றோம். 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மறுபடி மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள். 1983-இல் டாஸ்மாக் கம்பெனி ஏற்பட்டது. 2003-இல் சில்லறைக் கடையையும் சர்க்காரே எடுத்துக் கொண்டது. 2023-24-ஆம் வருஷத்தில் மட்டும் அதனால் வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ஒரு கை கடையைத் திறக்கின்றது; மற்றொரு கை பிள்ளைகளைக் கை நீட்டச் சொல்லுகின்றது. இந்த வேஷத்தைப் பிள்ளைகள் கவனிக்கவில்லை என்று நினைப்பது நமது முட்டாள்தனம்.

ஆனால் கடையை மூடிவிட்டால் எல்லாம் சரியாகுமென்றும் நாம் சொல்ல வரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மெதனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்துச் செத்தார்கள். மெதனால் வயிற்றுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை எரிக்கின்றது. குடித்தவுடன் சாதாரணப் போதை போலவே இருக்கும். பல மணி நேரங் கழித்துத்தான் வயிற்று வலியும், கண் மங்கலும் வரும். சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்து உண்டு. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் இந்த அறிவு வேண்டியதே. சட்டம் மாறிக் கொண்டே இருக்கும். பிள்ளையின் தலைக்குள் போன அறிவை எந்த மந்திரி சபையும் ரத்து செய்ய முடியாது.

பாடம் ஒன்றே போதுமா என்றால், போதாது. ஐஸ்லாந்து என்ற சிறு தேசத்தைப் பாருங்கள். 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்தின மாதத்தில் குடித்து மயங்கினதாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 ஆகக் குறைந்தது. தினம் சிகரெட்டுப் பிடிக்கிறவர்கள் 23-லிருந்து 3 ஆனார்கள். எந்தச் சாமிக்கு நேர்ந்து கொண்டார்கள்? ஒன்றுமில்லை. அடிக்கடி பிள்ளைகளையே கேட்டுக் கணக்கெடுத்தார்கள், அந்தக் கணக்கைப் பெற்றோரிடம் காட்டினார்கள், பள்ளி விட்ட பின் விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் பொதுப் பணத்தைச் செலவிட்டார்கள், இரவில் பிள்ளைகள் வீடு திரும்ப நேரம் வைத்தார்கள், விளம்பரத்தைத் தடுத்தார்கள். நமது ஊரில் சாயங்காலம் நான்கரை மணிக்கு மேல் ஒரு ஏழைப் பையன் போவதற்கு இடம் எது? கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்ய ரூபாய் கிடைக்கின்றது. ஒரு கைப்பந்து வலைக்கு மட்டும் கிடைப்பதில்லை!

“மேலிடத்து உத்தரவில்லை” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போதைப் பழக்கத்தைப் பற்றிய விஷயங்களைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்க வேண்டுமென்று 2016 டிசம்பரிலேயே சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டிருக்கின்றது. 2020-இல் இந்திய சர்க்கார் துவக்கிய பள்ளிச் சுகாதாரத் திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு உபாத்தியாயர்களைப் பழக்க வேண்டும், பதினொரு விஷயங்களைச் சொல்லித்தர வேண்டும் என்று கண்டிருக்கின்றது. அதில் இதுவும் ஒன்று. உத்தரவு இருக்கின்றது. கேட்கிறவன்தான் இல்லை.

ஆகவே தோழர்களே! நாம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு நேரில் போய், அந்தத் திட்டம் இங்கு வந்ததா, அந்த இரண்டு உபாத்தியாயர்கள் யார், வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் பாடம் நடந்தது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

2. பள்ளி வாசலிலிருந்து 100 கெஜத்தை நீங்களே அளந்து பாருங்கள். உள்ளே விற்பவனிடம் முதலில் சொல்லுங்கள். கேளாவிட்டால் அதிகாரிக்கு எழுதுங்கள்.

3. பொட்டலத்தோடு அகப்பட்ட பிள்ளையை வெளியே தள்ளுகின்ற வழக்கத்தை எதிர்த்துப் பேசுங்கள். பள்ளியை விட்டுத் தள்ளுவது சிகிச்சையல்ல; வியாபாரியிடம் ஒப்படைப்பதாகும். அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். போதையிலிருந்து மீளுவதற்கு 14446 என்ற எண்ணிலும், புகையிலையை விடுவதற்கு 1800-112-356 என்ற எண்ணிலும், மன வேதனைக்கு 14416 என்ற எண்ணிலும் காசில்லாமல் யோசனை கேட்கலாம்.

4. உங்கள் பிள்ளையிடம் நீங்களே பேசுங்கள். கையில் பீடியை வைத்துக் கொண்டு பேசாதீர்கள். வைத்திருந்தால், “இதை விட முடியாமல் நான் கஷ்டப்படுகின்றேன்” என்று மெய்யைச் சொல்லுங்கள். நூறு உபதேசத்துக்கு அது சமானம்.

கடைசியாக ஒன்று. அந்தத் தாயிடம் நாம் சமாதானம் சொல்லிவிட்டு வந்துவிடவில்லை. மறுநாள் அந்த ஊர்த் தோழர்கள் இருவர் அந்தப் பையனை ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். அவனைத் திரும்பச் சேர்த்துக் கொள்ளும்படி பள்ளிக்கு மனுவும் கொடுத்திருக்கின்றார்கள். பதில் இன்னும் வரவில்லை. வரும் வரையில் கேட்டுக் கொண்டேயிருப்போம். அடுத்த ஜூன் 26-ந் தேதி அந்தப் பள்ளியில் பிள்ளைகளைக் கை நீட்டச் சொல்லும்போது, அந்த வரிசையில் அவனும் நிற்க வேண்டும். அன்று அவன் கையை நீட்டுவதோடு நில்லாமல், எழுந்து நின்று கேள்வியும் கேட்க வேண்டும். அவனுடைய கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒரு உபாத்தியாயர் அங்கே இருக்க வேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான்.